புயலில் காசியில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மா: டிக்கெட் ஏஜென்ட் இன்னும் வேண்டுமா, வேண்டாமா?

கெடிலக்கரை:
வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் இழை போடுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் வருகிற தை மாதம் காசிக்குப் போகிறார்கள். ஓசூரில் இருக்கும் என் தம்பி, "ஆப்பிலேயே போட்டுடலாம்க்கா, ஏஜென்ட்டுக்கு ஆளுக்கு 300 ரூபாய் எதுக்குத் தரணும்" என்கிறான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட் அண்ணனிடம்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் இது சண்டையாகவே ஆகிவிட்டது. போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் என் பிடிவாதம் புரியும்.

2024 நவம்பரில் அப்பாவும் அம்மாவும் காசி, கயா, பிரயாகை எல்லாம் முடித்துவிட்டு 30-ம் தேதி சனிக்கிழமை மதிய விமானத்தில் சென்னை திரும்புவதாக இருந்தது. அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவருக்கும் இந்தி ஒரு வார்த்தை வராது. அன்றைக்குத்தான் ஃபெஞ்சல் புயல். நான் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறேன், காலையிலிருந்தே காற்றும் மழையும். செய்தியில் சென்னை விமான நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று ஓடுகிறது. நான் அப்பாவுக்குப் போன் போடுவதற்குள் அந்த அண்ணன் போட்டுவிட்டார். டிக்கெட்டில் அவர் நம்பர் இருந்ததால் ரத்து என்ற செய்தி அவருக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, சத்திரத்தைக் காலி பண்ணிட்டீங்களா? பண்ணலைன்னா பண்ணாதீங்க." அம்மா பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாராம். உள்ளே திரும்பிப் போய் அதே அறையை இன்னொரு நாளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்துப் பேசியிருந்தால் இருவரும் 25 கிலோமீட்டர் தள்ளி பாபத்பூர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள், சத்திரத்து அறையும் வேறு யாருக்காவது போயிருக்கும்.

விமானக் கம்பெனி மறுநாள் சென்னை விமானத்தில் இடம் தருவதாகச் சொன்னது. நான் சரி சரி போட்டுடுங்கண்ணே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சென்னைக்கு வந்தா மட்டும் ஆச்சாம்மா? அங்கேருந்து திண்டிவனம் தாண்டிக் கடலூர் வரணுமே. வயசானவங்கள வச்சுக்கிட்டு ரோட்ல நிக்கக் கூடாது" என்றார். சென்னைக்குப் பதிலாக ஞாயிறு சாயங்காலம் பெங்களூரு விமானத்துக்குக் கூடுதல் பணமில்லாமல் மாற்றிக் கேட்டு, அவர்கள் முடியாது என்று சொல்லச் சொல்ல ஏழெட்டு முறை பேசி வாங்கினார். அங்கே மெஜஸ்டிக்கில் அவருக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட் டாக்சி அனுப்பி, லாட்ஜிலும் சொல்லிவைத்தார். திங்கள் மாலை மைசூரிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ். மயிலாடுதுறையோடு நின்றுகொண்டிருந்த அந்த வண்டியைக் கடலூர் துறைமுகம் வரை நீட்டித்தது 2024-இல்தான், எனக்கே தெரியாது. சேலம், ஈரோடு, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் சுற்றி வரும், விழுப்புரம் பக்கமே வராது. நேரம் அதிகம்தான். ஆனால் அதுதான் வழி என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்.

தட்கல் திறக்கும் முதல் சில நிமிடங்கள் ஏஜென்ட் லாகினில் போட முடியாது. அதனால் சென்னையில் இருக்கும் அவர் தங்கை மகனை விட்டு, அந்தப் பையனின் சொந்தக் கணக்கில் ஞாயிறு காலை 10 மணிக்குப் போட வைத்தார். அந்த நேரம் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, என் போனில் 14 சதவீதம் சார்ஜ். புதுச்சேரியில் அந்த ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் இருந்த நிலையில் ஒரு டிக்கெட் கூடப் போட்டிருக்க முடியாது.

அண்ணன் போனில் சொல்லச் சொல்ல அப்பா, காசிக் கயிறு வாங்கின காகிதக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் கவர் இப்போது என்னிடம் இருக்கிறது. "ஞாயிறு மாலை விமானம். பெங்களூர். டாக்சிக்காரர் பெயர் எழுதின அட்டை பிடித்து நிற்பார். திங்கள் மாலை 6-க்கு ஸ்டேஷனில் இரு. பி2, 17, 18. கடலூர் வேண்டாம். சிதம்பரத்தில் இறங்கு." கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. சிதம்பரத்தில் எங்கள் சித்தி வீடு இருப்பது அவருக்குத் தெரியும், சித்தி பெண் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்.

திங்கள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டது, விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது, அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். செவ்வாய் காலை அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்தில் இறங்கினார்கள். கங்கைச் செம்பு கூட நசுங்காமல் வந்து சேர்ந்தது, அம்மாவின் கவலை முழுக்க அதில்தான் இருந்தது. "இறங்கிட்டாங்களாம்மா" என்று 8 மணிக்கு அண்ணன் போன். அப்போது அவர் இருந்தது பக்கத்து வீட்டு மாடியில். நாணமேட்டுப் பக்கம் அவர் வீட்டுக்குள் தென்பெண்ணைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, பத்து நாள் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், 300 ரூபாய் அதிகமா?

சில்வர் பீச்:
படிக்கும்போது கண் கலங்கிவிட்டது அக்கா. அந்த வாரம் தாழங்குடாவில் எங்கள் மாமா வீடும் தண்ணீரில்தான் இருந்தது. அந்த நிலையிலும் இன்னொரு வீட்டுப் பெரியவர்கள் இறங்கியாச்சா என்று கேட்க ஒரு மனம் வேண்டும். என் ஓட்டு ஏஜென்ட்டுக்கே.

வில்லியனூர் தமிழன்:
நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்லவரை வைத்து எல்லோரையும் எடை போட முடியாது. 2023-இல் சிங்கப்பூருக்கு நாங்கள் நான்கு பேர், புதுச்சேரியில் ஒரு ஏஜென்சியில் பேக்கேஜ் எடுத்தோம். பெயர் சொல்லவில்லை. திரும்புகிற விமானம் ரத்து. சாங்கி கவுன்டரில் கேட்டால், மூன்று மணி நேரம் முன்பே செய்தி அனுப்பிவிட்டோமே என்கிறார்கள். யாருக்கு? டிக்கெட்டில் எங்கள் நான்கு பேரின் நம்பரும் இல்லை, ஏஜென்சி நம்பரும் அவர்கள் ஈமெயிலும்தான். அந்த நம்பர் அன்று முழுக்க எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாம், லீவாம். இரண்டு குழந்தைகளோடு ராத்திரி முழுக்க நாற்காலியில். கடைசியில் கவுன்டரில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்தான் மறுநாள் விமானத்தில் ஏற்றிவிட்டார். ஓட்டல் பணம், சாப்பாடு, எதையும் ஏஜென்சி திரும்பத் தரவில்லை. உங்கள் அண்ணனுக்குச் செய்தி வந்ததால் உங்கள் பெற்றோர் தப்பித்தார்கள். எங்கள் ஏஜென்சிக்குச் செய்தி வந்ததாலேயே நாங்கள் மாட்டினோம். ஒரே ஏற்பாடு, இரண்டு விதமான முடிவு. அதனால் உங்கள் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கெடிலக்கரை:
குழந்தைகளோடு அந்த ராத்திரியை நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது சார். நம்பர் விஷயம் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் டிக்கெட்டிலும் அவர் நம்பர் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவருக்கே போன் வேலை செய்யாமல் போயிருந்தால்?

டிக்கெட்டிங் 14 வருடம்:
நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், புதுச்சேரியில், சின்ன ஆபீஸ். உள்ளே நடப்பதைச் சொன்னால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் நம்பர். நிறைய ஆபீஸ்களில் தங்கள் நம்பரையே போடுவார்கள். பயணிகள் நேராகக் கம்பெனியிடம் போய்விடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்று, வயதானவர்களுக்கு இங்கிலீஷ் மெசேஜ் போய் அவர்கள் குழம்பிவிடுவார்கள் என்பது. இரண்டாவது காரணம் உண்மைதான், ஆனாலும் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் நம்பரையும் போடச் சொல்லிக் கேளுங்கள். போட மாட்டேன் என்று சொல்கிற ஆபீஸில் டிக்கெட் எடுக்காதீர்கள். நான் இதில் கறாராகவே சொல்வேன்.

அடுத்தது, புயல், மழை என்றதும் பதறிப்போய் நீங்களாகவே கேன்சல் பட்டனை அழுத்திவிடாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும். கம்பெனி ரத்து செய்தால் முழுப் பணம் அல்லது வேறு விமானம், இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் உரிமை. வானிலையால் ரத்தானால் தனியாக நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ தந்தே ஆக வேண்டும். ஃபெஞ்சல் அன்று என் கண்முன்னே இரண்டு பேர் காலை 8 மணிக்கே தாங்களாக ரத்து செய்து பாதிப் பணத்தை விட்டார்கள். பொறுத்திருந்தால் ஒரு பைசா போயிருக்காது.

கெடிலக்கரை சகோதரி எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது பெங்களூருக்கு மாற்றியதுதான். ரத்தானால் அதே ஊருக்கு அடுத்த விமானம் என்றுதான் கம்ப்யூட்டர் காட்டும். வேறு ஊரில் இறக்கிவிடு என்று கேட்டால் கிடைக்கும் என்பது பல பேருக்குத் தெரியாது, எப்போதும் கிடைக்கும் என்றும் இல்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பேசி இசைய வைக்க வேண்டும். ஏழெட்டு முறை பேசினார் என்றால் அந்த அண்ணன் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் லைனில் காத்திருந்திருப்பார். அந்த நேரத்துக்கு எங்களுக்கு யாரும் காசு தருவதில்லை. விமான டிக்கெட்டில் கமிஷன் என்பது இப்போது இல்லை என்றே சொல்லிவிடலாம், அந்த 200, 300 சர்வீஸ் சார்ஜில்தான் ஆபீஸ் வாடகை, சம்பளம் எல்லாம்.

வில்லியனூர் தமிழன்:
விளக்கத்துக்கு நன்றி சார். ஒரு சந்தேகம். என் அத்தை மகனுக்குப் போன மாதம் விமானம் ரத்து. கம்பெனியில் கேட்டால் பணம் ஏஜென்ட் கணக்குக்குப் போய்விட்டது என்கிறார்கள், ஏஜென்ட்டோ இன்னும் வரவில்லை என்கிறார். யாரைப் பிடிப்பது?

டிக்கெட்டிங் 14 வருடம்:
விமானக் கம்பெனியைத்தான். ஏஜென்ட் அவர்களின் பிரதிநிதி, அதனால் ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும் பணம் பயணிக்குப் போய்ச் சேரும் வரை பொறுப்பு கம்பெனிக்கு என்பதுதான் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ விதி. எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், அந்த ஈமெயிலை ஏஜென்ட் முன்னால் நீட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார், நுகர்வோர் உதவி எண் 1915. எங்கள் தொழிலில் இப்படிப் பணத்தை முடக்கி வைப்பவர்களால்தான் எல்லோருக்கும் கெட்ட பெயர், எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

ஆரோவில் ரோடு:
மன்னிக்கவும், நான் தம்பி கட்சி. மூன்று வருடமாக விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே போடுகிறேன். ரத்தானால் என் போனுக்கே லிங்க் வருகிறது, இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்கிறேன். ரயிலும் அப்படித்தான். ரயிலையே ரத்து செய்துவிட்டால் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே திரும்பி வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் வண்டி கிளம்புவதற்குள் டிடிஆர், அதாவது பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனு, போட்டால் முழுப் பணம். இதற்கெல்லாம் நடுவில் ஒருவர் வேண்டாம். இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமே தவிர, ஒருவரையே நம்பி இருப்பது சரியில்லை என்று நினைக்கிறேன்.

கெடிலக்கரை:
@ஆரோவில் ரோடு, நீங்கள் தனியாகப் போகிறவர், உங்களுக்கு அது சரி. நானும் வேலை விஷயமாக ஹைதராபாத் போகும்போது நானேதான் போட்டுக்கொள்கிறேன், புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்தே இப்போது விமானம் இருக்கிறதே. ஆனால் அந்த லிங்க் அன்றைக்கு வந்திருந்தால் அப்பா அதைத் திறந்திருக்கவே மாட்டார், வங்கிக் கணக்கைத் திருடும் லிங்க் என்று பயந்திருப்பார். நான் திறந்திருந்தால் சென்னை விமானத்தைத்தான் அழுத்தியிருப்பேன். சென்னையில் இறங்கியபின் எப்படி வருவது என்று அந்த லிங்க் கேட்காது. திண்டிவனம் தாண்டணுமே என்று கேட்டது கடலூரில் இருக்கிற ஒரு மனிதர்.

ஆரோவில் ரோடு:
அது சரிதான். வயதானவர்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை:
இதே போல எங்கள் வீட்டிலும் நடந்தது, வேறு ஊரில். என் கணவரின் தம்பி பாரிஸில் இருக்கிறார், பிரெஞ்சுக் குடியுரிமை. என் மாமியார் அங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு 2025 ஜூன் 23 அன்று தோஹா வழியாகத் திரும்பினார், தனியாக. தோஹாவில் இறங்கிச் சென்னை விமானத்துக்காக உட்கார்ந்திருக்கிறார், சாயங்காலம் திடீரென்று கத்தார் வான்வெளியையே மூடிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அங்கே உள்ள அமெரிக்க ராணுவத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியது. டிவியில் பார்த்து நாங்கள் இங்கே துடிக்கிறோம். அத்தையிடம் இருந்தது பிரான்ஸ் சிம், அதுவும் வேலை செய்யவில்லை.

எங்களுக்கு டிக்கெட் போட்டது மிஷன் வீதிப் பக்கம் ஒரு அம்மா, முப்பது வருடமாக பிரான்ஸ் குடும்பங்களுக்கு டிக்கெட் போடுபவர். ராத்திரி 10 மணிக்குக் கூப்பிட்டோம், முதல் ரிங்கிலேயே எடுத்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பயப்படாதீங்க, அவங்களுக்கு நான் வீல்சேர் போட்டிருக்கேன். நடக்க முடியுமேன்னு நீங்க வேணாம்னீங்க, நான்தான் போட்டேன்." வீல்சேர் கேட்டுப் பதிவு செய்திருந்ததால் தனியாக வந்த வயதான பயணி என்று ஊழியர்களிடம் அத்தையின் பெயர் இருந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு ஊழியர் தேடி வந்து, வீல்சேர் பயணிகள் காத்திருக்கும் இடத்தில் உட்கார வைத்து, தன் போனிலிருந்து எங்களோடு பேசவும் வைத்தார். நள்ளிரவுக்குப் பிறகு வான்வெளியைத் திறந்தார்கள், ஆனாலும் வரிசை முடிய மறுநாள் ஆனது. இதற்குள் அந்த அம்மா இங்கிருந்தே மறுநாள் சென்னை விமானத்தில் இடம் பிடித்துவிட்டார்.

இன்னொன்று. பாரிஸிலிருந்து சென்னை வரை ஒரே டிக்கெட்டாக இருந்ததால்தான் இது முடிந்தது என்றார். பாரிஸ் தோஹா தனியாக, தோஹா சென்னை தனியாக எடுத்தால் அப்போது எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று என் கொழுந்தனார் கேட்டாராம், அந்த அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை.

டிக்கெட்டிங் 14 வருடம்:
@முத்தியால்பேட்டை, அந்த அம்மாவுக்கு என் வணக்கம். இரண்டும் மிகச் சரி. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்குக் கவலை இல்லை, நீங்கள் வராத பயணி, பணம் போனது போனதுதான். ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வயதானவர் தனியாகப் போனால் வீல்சேர் உதவி கேட்டே போடுங்கள். ஆனால் நல்ல உடம்போடு இருக்கிற இளைஞர்கள் வரிசையைத் தவிர்ப்பதற்காகக் கேட்பதைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், உண்மையில் நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி இல்லாமல் போகிறது.

சில்வர் பீச்:
தட்கல் பற்றி ஒரு தகவல். 2025 ஜூலையிலிருந்து ஏஜென்ட்கள் முதல் அரை மணி நேரம் தட்கல் போட முடியாது, ஏசிக்கு 10.30 வரை, மற்றதற்கு 11.30 வரை. அதனால் அவசரத்துக்கு வீட்டில் ஒருவருடைய ரயில்வே கணக்கில் ஆதாரை இணைத்துத் தயாராக வைத்திருங்கள். அந்த அண்ணனுக்குத் தங்கை மகன் உதவியது போல நாமும் உதவலாம்.

வில்லியனூர் தமிழன்:
கெடிலக்கரை, கடைசியில் டிக்கெட் எங்கே போட்டீர்கள்? சொல்லவே இல்லையே. என் சிங்கப்பூர் கதையைப் படித்துவிட்டு மனம் மாறிவிட்டீர்களோ என்று கவலை. அந்த அண்ணனுக்கு என்னால் ஒரு டிக்கெட் குறைந்தால் எனக்கு நிம்மதி இருக்காது.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் தம்பியையும் அழைத்துக்கொண்டு அண்ணன் கடைக்கே போனேன். லாரன்ஸ் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் கடை. பழைய கம்ப்யூட்டர் தண்ணீரில் போய்விட்டதாம், தவணையில் லேப்டாப் வாங்கி வைத்திருக்கிறார். நம்பர் விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், கோபித்துக்கொள்வாரோ என்று. "நீ கேட்டதே சரிதாம்மா, எனக்கு ஒண்ணு ஆயிட்டா பெரியவங்களுக்கு யார் சொல்றது" என்று சொல்லி, தம்பி நம்பரை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பனிமூட்டம் இருக்கிற மாதம், காலை விமானம் வேண்டாம், மதியத்துக்கு மேல் போடலாம். பெரியப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி இருக்கிறது, எதைக் கையில் கொண்டுபோவாரோ அதன்படிதான் டிக்கெட்டில் இருக்க வேண்டும். தம்பி தன் போனில் குறித்துக்கொண்டே இருந்தான். ஆளுக்கு 300 வாங்கவில்லை, 200-தான் வாங்கினார், மீதியைத் தம்பி மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தான்.

ஜனவரி 22 கிளம்புகிறார்கள், 30-ம் தேதி திரும்புகிறார்கள். வந்து சேர்ந்ததும் இங்கே எழுதுகிறேன்.